கேரம் பலகையில் நியூட்டனின் விதிகள்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

ஸ்ட்ரைக்கர் அடித்துவிட்டது. காய் அதை விட்டு விலகிக் குழியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் காயை முன்னோக்கித் தள்ளுவது எது? பள்ளியில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் இந்தக் கேள்வியில் தடுமாறுவார்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் இயக்க விதிகளில் பாதி கைவந்தாயிற்று. அதைக் கையாலேயே செய்து பார்த்துவிடலாம்.

தேவையானவை: கேரம் பலகை, காய்கள், ஸ்ட்ரைக்கர், போரிக் பவுடர், உலர்ந்த துணி, தாள், பென்சில். போட்டிகளில் ஆடும் காய் 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. வீட்டில் உள்ளவை முன்பின் இருக்கலாம். ஸ்ட்ரைக்கரின் நிறை காயைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

படி 1: அம்புக்குறி வரையுங்கள்

பலகையின் நடுவே ஒரு காயை வையுங்கள். தாளில் அதற்கு ஒரு வட்டம் போடுங்கள். இப்போது இரண்டே கேள்விகள். காயைத் தொட்டுக்கொண்டிருப்பது எது? பலகை. தொடாமலே இழுப்பது எது? பூமி. 5 கிராம் காயைப் பூமி ஏறத்தாழ 0.05 நியூட்டன் விசையால் கீழே இழுக்கிறது. அதே அளவு விசையால் பலகை மேலே தாங்குகிறது. கீழ்நோக்கி ஓர் அம்பு, மேல்நோக்கி அதே நீளத்தில் ஓர் அம்பு. இரண்டும் சமன் ஆவதால் காய் அசையாமல் இருக்கிறது.

ஒரு கண்டிப்பான விதி: காயின் மீது செயல்படும் விசைகளை மட்டுமே வரைய வேண்டும். காய் மற்றவற்றின் மீது செலுத்தும் விசை இந்தப் படத்தில் வரக் கூடாது. பெரும்பாலான குழப்பங்கள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

படி 2: ஓடும் காயைப் படம் போடுங்கள்

பலகையைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு காயை விரலால் மெதுவாகச் சுண்டுங்கள். எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு பவுடரை மெல்லியதாகத் தூவிப் பரப்பி, அதே அளவுக்குச் சுண்டுங்கள். ஒரு முறை சுண்டியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விரலின் வேகம் ஒவ்வொரு முறையும் சற்று மாறும். சில முறை செய்து பார்த்தால் வேறுபாடு ஐயமின்றித் தெரியும்.

இப்போது ஓடும் காய்க்கு அம்புகள் போடுங்கள். பூமி கீழே இழுக்கிறது. பலகை மேலே தாங்குகிறது. பலகையின் உராய்வு, காய் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி இழுக்கிறது. அவ்வளவுதான். முன்னோக்கி அம்பே இல்லை! விரல் காயை விட்டு விலகிய நொடியே அதன் விசை முடிந்துவிட்டது. காய் ஓடுவதற்கு விசை தேவைப்படவில்லை. அது நிற்பதற்குத்தான் உராய்வு தேவைப்பட்டது.

இது எளிதாகக் கிடைத்த உண்மை அல்ல. இயங்கும் பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை உலகம் சுமார் 2,000 ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் கலிலியோ சாய்தளங்களில் குண்டுகளை உருட்டிப் பார்த்து, உராய்வை எண்ணத்தில் நீக்கிவிட்டால் இயக்கம் தானாகவே தொடரும் என்று கண்டார். நியூட்டன் 1687-இல் அதைத் தம் முதல் விதியாக்கினார். பவுடர் தூவும்போது நாமும் உராய்வை ஓரளவு நீக்கித்தான் பார்க்கிறோம்.

படி 3: அடுக்கின் அடிக்காய்

ஐந்தாறு காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். முதலில் அடிக்காயை விரலால் மெல்லத் தள்ளுங்கள். அடுக்கு முழுவதும் சேர்ந்து நகரும். அடுத்து, இன்னொரு காயை வேகமாகச் சுண்டி அடிக்காயின் மீது மோதவிடுங்கள். (காயைவிடத் தடிமனான ஸ்ட்ரைக்கர் என்றால் அடியிலிருந்து இரண்டாவது காயையும் தட்டிவிடும், அதனால் காயே நல்லது.) அடிக்காய் தெறித்து வெளியேற, மற்றவை நின்ற இடத்திலேயே கீழே இறங்கும்.

மேலே இருந்த காய்களின் மீது விசையே செயல்படவில்லை என்று எண்ண வேண்டாம். அடிக்காய் உருவிக்கொண்டு போகும்போது உராய்வு அவற்றையும் இழுத்தது. ஆனால் உராய்வுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அது செயல்பட்ட நேரமோ மிகச் சிறியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவற்றுக்குக் கிடைத்த வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவு. மெல்லத் தள்ளியபோது அதே உராய்வுக்குப் போதிய நேரம் இருந்தது.

படி 4: ஒரே மோதலில் இரண்டு விதிகள்

ஒரு காயை வைத்து, ஸ்ட்ரைக்கரால் நேருக்கு நேர் அடியுங்கள். காய் விரைந்து ஓடும். ஸ்ட்ரைக்கர் வேகம் குறைந்தாலும் அதே திசையில் தொடரும். ஸ்ட்ரைக்கர் காயைத் தள்ளியது. அதே நொடியில், அதே அளவு விசையால், காய் ஸ்ட்ரைக்கரைப் பின்னோக்கித் தள்ளியது. இதுதான் மூன்றாம் விதி. ‘பெரியது அடித்தது, சிறியது அடி வாங்கியது’ என்று நமக்குத் தோன்றினாலும் விசையில் ஏற்றத்தாழ்வு இல்லை.

விசை சமம் என்றால் விளைவு ஏன் சமமாக இல்லை? இங்கேதான் இரண்டாம் விதி வருகிறது: முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) = விசை ÷ நிறை. காயின் நிறை மூன்றில் ஒரு பங்கு. எனவே அதன் வேக மாற்றம் ஸ்ட்ரைக்கரின் வேக மாற்றத்தைப்போல மூன்று மடங்கு. இதையே திருப்பிச் செய்து பாருங்கள்: நிற்கும் ஸ்ட்ரைக்கரின் மீது காயைச் சுண்டினால், காய் திரும்பி வரும், ஸ்ட்ரைக்கர் மெல்ல நகரும். காயும் காயும் நேராக மோதினால் வந்த காய் ஏறக்குறைய நின்றுவிடும், மற்றது ஓடும்.

‘விசையும் எதிர்விசையும் சமம் என்றால் ஒன்றையொன்று நீக்கிவிடாதா?’ என்பது பலரும் கேட்கும் நியாயமான கேள்வி. நீக்காது. ஒன்று காயின் படத்தில் இருக்கிறது, மற்றது ஸ்ட்ரைக்கரின் படத்தில் இருக்கிறது. படி 1-இல் பார்த்த இரண்டு அம்புகளும் ஒரே காயின் மீது செயல்படுபவை; ஆகவே அவை விசை, எதிர்விசை ஜோடி அல்ல. பூமி காயை இழுப்பதற்கு ஜோடி, காய் பூமியை மேல்நோக்கி இழுப்பது.

படி 5: உங்களுக்கே படம் போடுங்கள்

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். ஓட்டுநர் பிரேக் போடுகிறார். முன்னோக்கி அம்பு வரைய பென்சில் துடிக்கும், வரையாதீர்கள். உங்களைத் தொடுவது பஸ்ஸின் தரையும் கையில் பிடித்த கம்பியும் மட்டுமே. இரண்டும் உங்களைப் பின்னோக்கித்தான் இழுக்கின்றன. பாதம் பஸ்ஸோடு வேகம் குறைகிறது, உடலின் மேற்பகுதி பழைய வேகத்தில் போகிறது. கம்பியைப் பிடிக்காதவர் முன்னால் சாய்வது அதனால்தான்.

அடுத்து, நடப்பதற்குப் படம் போடுங்கள். இதில் முன்னோக்கி ஓர் அம்பு கட்டாயம் வரும். கால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தரை உங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைச் செய்வதும் உராய்வுதான். எனவே ஆட்டம் முடிந்ததும் பலகையைச் சுற்றித் தரையில் சிந்திய பவுடரை உடனே துடைத்துவிடுங்கள்; அதன்மேல் கால் வைத்தால் தரையால் உங்களை முன்னே தள்ள முடியாது, கால் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும்.