நியூயார்க்கில் ஸ்டூடியோ கோ-ஆப் வாங்குவது எப்படி: அறையைப் பிறகு பாருங்கள், கணக்கை முதலில் பாருங்கள்

குவீன்ஸின் ஜாக்சன் ஹைட்ஸில் நான் ஒரு ஸ்டூடியோ, அதாவது ஓரறை வீடு, வாங்கிக் குடிவந்த பிறகு, எப்படி வாங்கினாய் என்று கேட்காத நண்பர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். கிரெடிட் ஸ்கோர், வங்கியின் முன் ஒப்புதல் ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் ஜாக்சன் ஹைட்ஸ்? கார் வேண்டாம், அவ்வளவுதான். 74ஆம் தெரு நிலையத்தில் 7, இ, எஃப், எம், ஆர் என ஐந்து ரயில்கள் நிற்கின்றன. படியிறங்கினால் துவரம்பருப்பும் கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. 34ஆம் அவென்யூவின் நீண்ட பகுதியைப் பகல் நேரத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிட்டார்கள். 2020இல் தொடங்கிய ஏற்பாடு இது. நூறாண்டுக்கு முன் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் நடுவில் தோட்டம் விட்டுக் கட்டிய குடியிருப்புகள் இங்கே நிறைய. அன்று யூதர்களையும் கறுப்பினத்தவரையும் அவற்றுக்குள் அனுமதிக்கவில்லை. இன்று அதே தெருக்களில் வங்காளிகளும் நேபாளிகளும் கொலம்பியர்களும் கடை வைத்திருக்கிறார்கள்.

முதல் படி: எதை வாங்குகிறோம்?

சென்னையில் அடுக்ககம் வாங்கினால் பிரிக்கப்படாத நிலப்பங்கு உங்கள் பெயரில் பத்திரமாகும். இங்கே கோ-ஆப் வீட்டுக்கு அப்படி ஒரு பத்திரமே கிடையாது. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் சொத்து. நீங்கள் அதில் பங்குகளை வாங்குகிறீர்கள். உங்கள் அறையில் குடியிருக்கும் உரிமையை நிறுவனம் நீண்டகாலக் குத்தகையாக எழுதித் தருகிறது. நிலச்சொத்து இல்லை என்பதால் அடமானப் பதிவு வரி இல்லை. அது ஒரு நல்ல மிச்சம்.

இரண்டாம் படி: தேடுவது

எனக்கு ஸ்ட்ரீட்ஈஸி என்ற வீட்டு விளம்பர இணையதளம் ஒன்றே போதும் என்று தோன்றுகிறது. கட்டடத்தின் பக்கத்துக்குப் போனால் அங்கே முன்பு விற்ற வீடுகளின் விலையும் தெரியும். பிறகு நகர அரசின் ஏக்ரிஸ் என்ற சொத்துப் பதிவேட்டையும், வீட்டுவசதித் துறையின் இணையதளத்தில் அந்தக் கட்டடத்தின் மீதுள்ள விதிமீறல் பட்டியலையும் பாருங்கள். இரண்டும் இலவசம். வெப்பமூட்டி வேலை செய்யவில்லை என்று ஒவ்வொரு குளிர்காலமும் புகார் பதிவாகியிருந்தால் அந்த வீட்டைப் பார்க்கவே போகவேண்டாம்.

நிலம் யாருடையது என்பதையும் கேளுங்கள். சில கட்டடங்கள் குத்தகை நிலத்தில் நிற்கின்றன. விலை மலிவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எவ்வளவு மலிவானாலும் நான் தொடமாட்டேன்.

மூன்றாம் படி: கட்டடத்தின் கடன்

இங்கேதான் நான் நெடுநாள் தடுமாறி நின்றேன். உங்கள் கடன் வேறு. கட்டடத்தின் பெயரில் நிறுவனம் வாங்கியிருக்கும் கடன் வேறு. இரண்டாவதை விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஸ்டூடியோவின் விலை 3 லட்சம் டாலர். நிறுவனத்துக்கு மொத்தம் 20,000 பங்குகள், உங்கள் அறைக்கு 250. அதாவது 1.25 சதவீதம். கட்டடத்தின் மீது 40 லட்சம் டாலர் கடன் இருந்தால் உங்கள் தலையில் 50,000 டாலர். ஆகவே நீங்கள் ஏற்கும் சுமை உண்மையில் மூன்றரை லட்சம். பக்கத்துக் கட்டடத்தில் 3,20,000 டாலர் சொல்லும் அறைக்குக் கட்டடக் கடனே இல்லையென்றால், அதுதான் மலிவு.

அடுத்து, அந்தக் கடன் எந்த ஆண்டு முதிர்கிறது என்று கேளுங்கள். இவ்வகைக் கடன்களில் பலவற்றில் அசல் அதிகம் குறைவதில்லை. தவணை முடிந்ததும் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்கிறார்கள். வட்டி குறைவாக இருந்த 2020, 2021இல் வாங்கியவர்கள் புதுப்பிக்கும்போது அதே வட்டி கிடைக்காது. மூன்று சதவீதம் கூடினால் உங்கள் 50,000 டாலர் பங்குக்கு ஆண்டுக்கு 1,500 டாலர். நிறுவனத்துக்கு மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் 125 ஏறும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க நிறுவனத்தின் கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள் வேண்டும். முதலில் பின்குறிப்புகளைப் படியுங்கள். கடன் விவரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கையிருப்பு நிதி, சிறப்பு வசூல், வழக்குகள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் கரியமில வாயு வரம்பு இருக்கிறது, 2030இல் அது இறுகும். பழைய எண்ணெய்க் கொதிகலன் வைத்திருப்பவர்கள் என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளை உங்கள் வழக்கறிஞர் படிப்பார். கூரை ஒழுக்கு, மூட்டைப்பூச்சி, லிஃப்ட் தகராறு எல்லாம் அதில்தான் வெளியே வரும். தரகர் கைகாட்டும் வழக்கறிஞரை நான் வைக்கமாட்டேன். "குறிப்புகளை நீங்களே படிப்பீர்களா?" என்று கேளுங்கள், மழுப்பினால் அடுத்தவரைப் பாருங்கள்.

நான்காம் படி: உங்கள் கணக்கு

வங்கி ஒப்புக்கொண்டாலும் கட்டடத்தின் நிர்வாகக் குழு உங்களை ஒப்புக்கொள்ளவேண்டும். மேலே சொன்ன அறைக்கு 20 சதவீதம், அதாவது 60,000 டாலர் முன்பணம் என்று வையுங்கள். மீதி 2,40,000 டாலருக்கு ஆறரை சதவீத வட்டியில் முப்பதாண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 1,517 டாலர். பராமரிப்பு 650 என்றால் மொத்தம் 2,167. வருமானத்தில் இது கால் பங்கிலிருந்து முப்பது சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று பல குழுக்கள் எதிர்பார்க்கின்றன. 28 சதவீதம் என்று கொண்டால் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 93,000 டாலர் தேவை.

அத்துடன் முடியவில்லை. வாங்கி முடித்த பிறகும் ஓராண்டு அல்லது ஈராண்டுச் செலவு கையில் மிஞ்சவேண்டும். இங்கே அது 26,000 முதல் 52,000 டாலர் வரை. ஓய்வூதியக் கணக்கில் இருப்பதைப் பல குழுக்கள் முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஊரில் உள்ள வைப்புநிதியையும் அப்படியே.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் நேர்காணலும்

விலை முடிவானதும் ஒப்பந்தம். வழக்கமாகப் பத்து சதவீதம் விற்பவரின் வழக்கறிஞரிடம் தனிக்கணக்கில் இருக்கும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறகு வருமானவரி அறிக்கைகள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்குகள், அலுவலகக் கடிதம், பரிந்துரைக் கடிதங்கள் என்று குழுவுக்கு ஒரு கட்டு. எல்லாவற்றையும் பக்க எண் போட்டு ஒரே பிடிஎஃப் கோப்பாக்குங்கள். சொத்து விவரத் தாளில் எழுதும் தொகையும் வங்கிக் கணக்கில் உள்ள தொகையும் டாலர் பிசகாமல் ஒத்துப்போகவேண்டும்.

குழுவுடன் நடக்கும் நேர்காணலில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சமையலறைச் சுவரை இடிக்கும் ஆசையை அங்கே பேசவேண்டாம். காரணம் சொல்லாமலே மறுக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. இனம், மதம், பிறந்த நாடு பார்த்து மறுக்கமட்டும் சட்டம் இடம்தராது.

ஒப்புதல் வந்தபின் கையெழுத்து, பங்குச் சான்றிதழ், சாவி. அதில் சிக்கல் அபூர்வம்.

பின்னர் சேர்த்தது

படித்தவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்பா ஊரிலிருந்து பணம் அனுப்பலாமா? அனுப்பலாம். இந்திய விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பமுடியும். வெளிநாட்டிலிருந்து ஓராண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பாக வந்தால் நீங்கள் அமெரிக்க வருமானவரித் துறைக்கு 3520 என்ற படிவம் தரவேண்டும். வரி இல்லை, ஆனால் தராவிட்டால் அபராதம் கடுமை. பணம் விண்ணப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே கணக்கில் வந்துவிடட்டும், கூடவே திருப்பித் தரவேண்டியதில்லை என்ற கடிதமும். அன்பளிப்புப் பணத்தையே ஏற்காத குழுக்களும் உண்டு. விலை பேசுமுன் தரகரிடம் கேளுங்கள்.

வாடகைக்கு விடலாமா? பெரும்பாலும் முதலில் சில ஆண்டுகள் நீங்களே குடியிருந்தாகவேண்டும், பிறகும் காலவரம்பு, குழுவின் அனுமதி, கட்டணம். முதலீட்டுக்காக வாங்க நினைப்பவர்கள், வீடே உங்கள் பெயரில் பத்திரமாகும் காண்டோமினியம் பக்கம் போய்விடுங்கள்.