டீபக்கரில் அடி எடுத்து வைக்கும் முன்: நிரல் நிற்கிறதா, ஓடுகிறதா?

கிருஷ்ணகிரியில் நான் பைத்தான் சொல்லிக்கொடுக்கும் மாணவர்கள், நிரலை வரி வரியாக நிறுத்தி ஓட்டிப் பிழை தேட உதவும் டீபக்கரில் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நிரல் இப்போது நிற்கிறதா, ஓடுகிறதா என்று பாராமலேயே விசையை அழுத்திவிடுகிறார்கள்.

ராயக்கோட்டை சந்தைக்கு வரும் தக்காளிக்கு எடைக் கணக்கு போடும் ஒரு சிறிய நிரலை வைத்துப் பழகுவோம். ஒவ்வொரு லோடுக்கும் எடையையும் பெட்டி எண்ணிக்கையையும் கேட்டு, பெட்டிக்கு 2 கிலோ கழித்து, மிச்சத்தை 'மொத்தம்' என்ற மாறியில் அது கூட்டிக்கொண்டே போகிறது (பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்). 10 பெட்டி 270 கிலோ, 20 பெட்டி 540 கிலோ, 8 பெட்டி 216 கிலோ என்று கொடுத்தால் 950 வர வேண்டும். ஆனால் 200 வருகிறது.

நிரல் எழுதும் மென்பொருளான வி.எஸ். கோடில் நிரலைத் திறந்து, லோடுக்கு ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் உள்ளே இருக்கும் முதல் வரியில் கர்சரை வைத்து எஃப்9 அழுத்துங்கள். வரி எண்ணுக்கு இடப்பக்கம் சிவப்புப் புள்ளி விழும், அதுதான் நிரலை நிறுத்தும் இடமான பிரேக்பாயிண்ட். பிறகு எஃப்5 அழுத்தினால் நிரல் அங்கே வந்து நிற்கும், அந்த வரி மஞ்சளாகும். மஞ்சளான வரி இன்னும் ஓடவில்லை, அடுத்து ஓடப்போவதுதான் அது. இடப்பக்கத்து மாறிகள் பட்டியலில் 'மொத்தம்' என்ற பெயரே இல்லாததைக் கவனியுங்கள். எஃப்10 அந்த ஒரு வரியை மட்டும் ஓட்டி அடுத்த வரியில் நிறுத்தும்; அதை ஒருமுறை அழுத்தியதும் 0 என்ற மதிப்போடு 'மொத்தம்' தோன்றும்.

அடுத்த வரி எடையைக் கேட்கும் வரி. இதில் எஃப்10 அழுத்தியதும் மஞ்சள் மறைந்து, வரி வரியாக நகர்த்தும் ஸ்டெப் பொத்தான்கள் மங்கிவிடும். டீபக்கர் உறைந்துவிட்டது என்று பலர் இந்த இடத்தில் அதை மூடிவிடுகிறார்கள். உண்மையில் நிரல் ஓடும் நிலையில்தான் இருக்கிறது, நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது. கீழேயுள்ள டெர்மினலில் 270 என்று அடித்து என்டர் தட்டுங்கள்; அடுத்த வரியில் மஞ்சள் திரும்பி வரும். பெட்டி எண்ணிக்கைக்கும் இப்படியே.

பெட்டி எடையைக் கழிக்கும் வேலைக்கெனத் தனியாக எழுதிய 'நிகர_எடை' என்ற பங்க்‌ஷனை அழைக்கும் வரியில் எஃப்11 அழுத்தினால் அதன் உள்ளே போகலாம், ஷிஃப்ட்+எஃப்11 வெளியே கொண்டுவரும். எஃப்10 அழுத்தினாலோ அது முழுவதும் ஓடி முடிந்த பிறகே நிற்கும். உள்ளே வேறொரு பிரேக்பாயிண்ட் இருந்தால் மட்டும் அங்கே நின்றுவிடும். சந்தேகம் இல்லாத பங்க்‌ஷனுக்கு எஃப்10 போதும் என்பது என் கருத்து.

முதல் சுற்று முடிவில் 'மொத்தம்' 250. இப்போது எஃப்5 அழுத்தினால் இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் மறுபடி நிற்கும், அப்போதும் 250தான். எஃப்10 ஒருமுறை அழுத்துங்கள்: 0. மொத்தத்தைப் பூஜ்ஜியமாக்கும் வரி லூப்பின் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை லூப்புக்கு மேலே நகர்த்தி, இப்போதைய டீபக்கர் அமர்வை ஷிஃப்ட்+எஃப்5 கொடுத்து முடித்துவிட்டு, புதிதாகத் தொடங்குங்கள். பழைய அமர்வு திருத்தத்தை அறியாது. சுற்றுக்குச் சுற்று 250, 750, 950 என்று பட்டியலில் ஏறுவதைக் காண்பீர்கள்.