மெதுவா வளர்ற கலர் செடிங்க: நம்ம வேலூர் தண்ணிக்கும் வெயிலுக்கும் ஏத்த மாதிரி மீன் தொட்டி செட்டப்

மீன் தொட்டியில சிவப்பு செடின்னாலே சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர், பவர்ஃபுல் லைட்டு, வாரா வாரம் கத்தரிக்கோல்னு பயமுறுத்துறாங்க, அதெல்லாம் வேகமா வளர்ற சிவப்பு செடிக்குத்தான். புதுசா ஆரம்பிக்கிறவங்க அதுல கைய வைக்காதீங்க. இந்த மூணு போதும்: செம்பழுப்பு இலைக்கு கிரிப்டோகோரைன் வென்ட்டி பிரவுன், ஊதாவும் நீலமும் மின்னுற புசெஃபலாண்ட்ரா (கடையில பூசேன்னு கேட்டா போதும்), வெள்ளை திட்டு போட்ட அனுபியாஸ் பிண்டோ. பூசே கொஞ்சம் காசு, சின்ன துண்டா வாங்குங்க.

முதல்ல தண்ணி. நம்மூர் போர் தண்ணி நிறைய இடத்துல உப்பும் கடினமும் ஜாஸ்தி, பக்கெட்டுல வெள்ளையா படியுதுல்ல, அதேதான். வென்ட்டி தாங்கிக்கும், பூசே மூஞ்ச சுளிக்கும், அதனால பாதி போர் தண்ணி பாதி ஆர்ஓ தண்ணி கலந்துக்கோங்க. முனிசிபாலிட்டி குழாய் தண்ணின்னா ஆன்டி குளோரின் (குளோரின எடுக்கற மருந்து) ஊத்தாம விடாதீங்க.

அடுத்து கல்லு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு நம்மூர கிண்டல் பண்ணுவாங்க, அந்த மலைப்பக்கம் கெடைக்கிற கருங்கல்லு தொட்டிக்கு அருமையான சரக்கு. ஆனா எந்த கல்லா இருந்தாலும் மேல நாலு சொட்டு வினிகர் விட்டு பாருங்க, பொங்குச்சுன்னா சுண்ணாம்பு இருக்கு, தண்ணிய இன்னும் கடினமாக்கிடும், வேணாம்.

இப்போ நடுறது, இங்கதான் கவனம். பூசே, அனுபியாஸ் ரெண்டுக்கும் தடிமனா படுத்துகிட்டு இருக்கிற தண்டு ஒன்னு இருக்கும், அத மண்ணுல பொதச்சா அழுகிடும். பூசே போர்னியோ ஓடைங்கள்ல பாறைய புடிச்சிக்கிட்டு வளர்ற செடி, அதனால ஈரத்த ஒத்தி எடுத்துட்டு சூப்பர் க்ளூ ஜெல் ஒரு பொட்டு வச்சு கல்லுல அழுத்தி புடிங்க, இல்லன்னா கருப்பு நூலால கட்டுங்க. வென்ட்டி மட்டும் மணல்ல, வேருக்கு பக்கத்துல ஒரு ரூட் டேப் (மணலுக்குள்ள பொதைக்கிற உர மாத்திரை). நட்ட கொஞ்ச நாள்ல வென்ட்டி இலையெல்லாம் கூழா கரைஞ்சு போகும், இன்னாடா இது செத்துப்போச்சான்னு புடுங்கி போட்றாதீங்க, வேர் உயிரோட இருந்தா புது இலை வரும்.

லைட்டு தெனம் 6 மணி நேரம், டைமர் போட்டுடுங்க. கலர் வரலயேன்னு ஏத்திடாதீங்க, ஒரு இலை மாசக்கணக்கா அப்படியே நிக்கிற செடி இது, வெளிச்சம் ஜாஸ்தியானா அந்த இலை மேலதான் பாசி வந்து குந்திக்கும். ஜன்னல் வெயிலும் படக்கூடாது. பாசிக்கு நெரைட் நத்தை ரெண்டு விடுங்க, தொட்டிக்குள்ள பெருகாது. லிக்விட் உரம் பாட்டில்ல போட்டிருக்கறதுல பாதி அளவு போதும். வாரம் ஒரு தபா கால்வாசி தண்ணி மாத்துங்க.

அக்னி நட்சத்திரத்துல வெளியில 40 டிகிரிய தாண்டும்போது தொட்டி தண்ணியும் 30க்கு மேல போயிடும். மூடிய எடுத்துட்டு தண்ணி மேல படற மாதிரி சின்ன ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும், ஆவியாகி குறையற தண்ணிக்கு ஆர்ஓ தண்ணிய மட்டும் ஊத்துங்க, போர் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா உப்பு ஏறிக்கிட்டே போகும்.

செடிய கூரியர்ல வாங்குறவங்க ஏப்ரல், மே மாசத்த விட்டுடுங்க, பார்சல் வண்டியிலயே வெந்துடும்.