சீன மேல்நிலை மாணவர்களுக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பரில் எங்கள் ஆசிரியர் அறைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள், நல்ல உழைப்பாளிகள். மூன்றாவது வாரம் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் அடுக்கி வைத்திருந்த தாள் கட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு மாணவனுக்கு வாரம் இருபது பேசேஜ், கடைசிப் பக்கத்தில் விடைப் பட்டியல். பத்து ஆண்டுக்கு முன்னால் இதே சாங்ஷா நகரத்தில் இப்படி ஓர் இயந்திரத்தின் முன் நின்று நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 7 அன்று தொடங்கும். ஆங்கிலத் தாள் ஜூன் 8 பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை, மொத்தம் 150 மதிப்பெண். எங்கள் ஹூனான் மாகாணம் 2021 முதல் புதிய முறைத் தாளுக்கு மாறிவிட்டது. அதில் வாசிப்புக்கு மட்டும் 50. நான்கு பேசேஜ், 15 வினா, வினாவுக்கு 2.5. அதற்கடுத்து ‘ஏழில் ஐந்து’ என்றொரு பகுதி, ஐந்து காலியிடம், அதற்கும் தலா 2.5. பேசேஜ்களுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர். ஏ பெரும்பாலும் விளம்பரம், அறிவிப்பு மாதிரி இருக்கும். டி வரும்போது பிள்ளைகள் முகம் வாடும்.

பெயரை எழுத மறப்பது, 2பி பென்சில் கொண்டுவராதது, வினாவைப் படிக்காமலே விடை போடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும்.

சிவப்பு மையில் சரியான எழுத்தை எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மற்றவை எல்லாம் ஒன்றிரண்டு வினாவோடு போகும். இது ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டை விழுங்கும்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும் வகுப்பு வழக்கமாக இப்படி நடக்கும். ஆசிரியர் “இருபத்தைந்து பி, இருபத்தாறு டி” என்று வாசித்துக்கொண்டே போவார். ஐம்பது தலைகள் குனிந்திருக்கும், ஐம்பது சிவப்புப் பேனாக்கள் ஓடும். யாராவது கையைத் தூக்கினால், சரியான விடைக்கு ஆதாரமான வரியை ஆசிரியர் காட்டுவார். வகுப்பே “ஓ” என்னும். அப்புறம் அடுத்த தாள். இப்படி வினா வினாவாகத் தள்ளுவதைச் சீனத்தில் ஷுவா-தி என்பார்கள். ஷுவா என்றால் பிரஷ் போட்டுத் தேய்ப்பது. பெற்றோரின் வீசாட் குழுவில் வரும் கேள்வியும் இதற்கு ஏற்றதுதான்: இந்த வாரம் எத்தனை செட் முடித்தார்கள்?

என் இரண்டாம் ஆண்டில், இறுதி வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். காலை வாசிப்புக்கு முதல் ஆள், இரவுப் படிப்பு முடிந்து விளக்கை அணைத்துவிட்டுப் போகும் கடைசி ஆள். அவளுடைய தவறு நோட்டைக் கண்காட்சியில் வைக்கலாம். தவறு நோட்டு என்பது இங்கே எல்லா மாணவரிடமும் இருக்கும். தப்பாகப் போட்ட வினாவை வெட்டி ஒட்டி, பக்கத்தில் சரியான விடையை எழுதி வைப்பார்கள். அவள் பேசேஜ் முழுவதையும் ஒட்டியிருந்தாள். வினாவுக்கு நீலம், விடைக்குச் சிவப்பு, புதிய சொல்லுக்குப் பச்சை. நான் அதற்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டி, வகுப்பில் தூக்கிக் காட்டி, “இப்படி இருக்க வேண்டும்” என்றுகூடச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவளுடைய மதிப்பெண் ஐந்து மாதத் தேர்வுகளில் நகரவே இல்லை. நான்கு பேசேஜுக்குமாகப் பதினைந்து வினா. பதினைந்தில் பத்து சரி, ஐந்து தப்பு. மார்ச் மாதம் ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து கேட்டேன்.

“இதில் ஏன் பி போட்டாய்?”

“விடை சி, லாவ்ஷி.” லாவ்ஷி என்றால் சீனத்தில் ஆசிரியர்.

“அது தெரியும். நீ ஏன் பி போட்டாய்?”

“சிதான் சரி. நாலாவது வரியில் இருக்கிறது.”

மூன்றாவது தடவை கேட்டபோது பேசாமல் இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, தப்பை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னாள்: “பியில் இருந்த சொல் பேசேஜிலும் இருந்தது.”

அடுத்த பக்கம் திருப்பினோம். அதே காரணம். அதற்கடுத்த பக்கத்திலும் அதேதான். அத்தனை அழகான நோட்டில் அந்த ஒரு வரி எங்குமே இல்லை.

கணிதத்திலிருந்து வந்த பழக்கம் இது என்பது என் எண்ணம். கணக்கில் தவறு நோட்டு நன்றாகவே வேலை செய்யும். அதே மாதிரிக் கணக்கு எண் மாறித் திரும்ப வரும்; வழிமுறையை எழுதி வைத்தால் உதவும். வாசிப்பில் அந்த பேசேஜ் இந்த ஜென்மத்தில் திரும்ப வராது. அதை ஒட்டி வைப்பதில் என்ன பயன்? திரும்பத் திரும்ப வருவது அந்தப் பிள்ளை வழுக்கி விழும் விதம் மட்டும்தான். அதை யாரும் எழுதச் சொல்வதில்லை, நான் உட்பட.

வழுக்குவது எப்படி என்று காட்ட, வகுப்புக்காக நான் எழுதிய ஒரு சின்னப் பகுதியின் சாரம் இது. ஒரு மலைச்சரிவில் தேனீக்கள் குறைகின்றன. பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று முதலில் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே யாரும் மருந்து அடிப்பதில்லை. பூக்கள் வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்பே பூத்து உதிர்ந்திருந்தன. தேனீக்கள் வெளியே வந்தபோது பூ இல்லை. வினா: தேனீக்கள் ஏன் குறைந்தன? பி விடையில் ‘பூச்சிக்கொல்லி’ என்ற சொல் அப்படியே இருக்கும். சி விடை ‘தேவைப்பட்ட நேரத்தில் உணவு கிடைக்கவில்லை’ என்கிறது. அதில் பேசேஜின் சொல் ஒன்றுகூட இல்லை. சரியான விடையை வேறு சொற்களில் மூடி வைப்பதும், தப்பான விடைக்குப் பேசேஜின் சொற்களை உடுத்தி விடுவதும் வினா எழுதுகிறவர்களின் அன்றாட வேலை. நேரம் நெருக்கும்போது கண், தெரிந்த முகத்தைத் தேடித்தான் ஓடும்.

இது ஒரு வகைதான். ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டும் விடைகள் உண்டு. ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் வைப்பது என்று சீனத்தில் அதற்கு ஒரு சொலவடையே இருக்கிறது. சிலருக்குச் செய்ததை எல்லாருக்கும் செய்ததாகச் சொல்லும் விடைகள் உண்டு. பேசேஜில் இல்லாத, ஆனால் பொதுவாக உண்மையான ஒன்றைச் சொல்லும் விடைகளும் உண்டு. நிறைய பொது அறிவு உள்ள பையன்கள் இதில்தான் விழுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றிரண்டு வகைதான் பலவீனம். எது என்று தெரியாமல் இன்னும் நூறு பேசேஜ் கொடுப்பது, எந்த டயர் பஞ்சர் என்று பார்க்காமல் நாலுக்கும் காற்றடிப்பது போல.

இப்போது நான் செய்வது இது. தாளைத் திருத்தி, எந்த வினா தப்பு என்று மட்டும் குறித்துக் கொடுப்பேன். சரியான எழுத்தைச் சொல்லமாட்டேன். அதே பேசேஜோடு கடிகாரம் இல்லாமல் மறுபடி உட்கார வேண்டும். எந்த வரி தன்னை அந்த விடைக்குக் கொண்டுபோனது என்று அடிக்கோடு போட வேண்டும். பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம், சீனத்திலேயே எழுதலாம்: நான் ஏன் அதை நம்பினேன். ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முதல் வாரம் எல்லாரும் அதைத்தான் எழுதுவார்கள். மூன்று வாரம் போன பிறகு அந்த வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படிக்கச் சொல்வேன். பெரும்பாலும் அவர்களே சிரித்துவிடுவார்கள்.

இதற்கு நேரம் பிடிக்கும். ஐந்து பேசேஜ் முடிக்கும் வகுப்பில் இரண்டுதான் முடியும். முதல் தடவை நான் இப்படிச் செய்தபோது மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, பக்கத்து வகுப்பு எவ்வளவு தூரம் போய்விட்டது தெரியுமா என்று கேட்டார். வீசாட் குழுவிலும் முணுமுணுப்பு. தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த மாணவிக்கு ஜூனுக்குள் இரண்டு வினா கூடியது. அவ்வளவுதான். செப்டம்பரிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

நீள விடை, குட்டை விடை

மூன்று நீளமாக ஒன்று குட்டையாக இருந்தால் குட்டையை எடு, மூன்று குட்டையாக ஒன்று நீளமாக இருந்தால் நீளத்தை எடு என்றொரு வாய்ப்பாடு எல்லா வகுப்பிலும் சுற்றுகிறது. வினா எழுதுகிறவர்களும் அந்த வகுப்புகளில் படித்தவர்கள்தான்.

சொல்லுக்கு மேலே சீன எழுத்து

தெரியாத ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் மேலே பென்சிலில் சீனப் பொருளை எழுதிக்கொண்டே போவார்கள். மறுபடி படிக்கும்போது கண் மேல் வரிசையில் மட்டும் நடக்கும். அவர்கள் படிப்பது ஆங்கில வரிசையில் அடுக்கிய சீனம். அது எந்த மொழியிலும் சேராது.

இதில் தமிழர்களுக்குப் புரியக்கூடிய ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நான் நேற்றுக் கடையில் வாங்கிய புத்தகம்’ என்பதைச் சீனத்தில் சொன்னால் கிட்டத்தட்ட இதே வரிசைதான்: நான், நேற்று, கடையில், வாங்கு, பிறகு ‘த’ என்றொரு குட்டிச் சொல், கடைசியில் புத்தகம். நம் ‘வாங்கிய’ என்ற பெயரெச்சத்தின் வாலில் இருக்கும் அகரம் செய்யும் வேலையைத்தான் அந்தக் குட்டிச் சொல் செய்கிறது. ஆங்கிலத்தில் புத்தகம் முன்னால் வந்துவிடும், விவரம் எல்லாம் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். மனதுக்குள் மொழிபெயர்க்கிற பிள்ளை, வாக்கியத்தின் கடைசிவரை போய், அங்கிருந்து திரும்பி வந்து பெயர்ச்சொல்லைப் பிடிக்கும். டி பேசேஜில் இரண்டு மூன்று விவரம் ஒன்றுக்குள் ஒன்றாக வரும்போது அதே வரியை நாலு தடவை படிப்பதற்குக் காரணம் இந்தப் போக்குவரத்துதான். நானும் பள்ளியில் ஆங்கிலத்தை இப்படித்தான் பின்னாலிருந்து படித்தேன். அதனால் என் மாணவர்கள் எந்த இடத்தில் திணறுவார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் முன்கூட்டியே தெரியும்.

செய்யச் சொல்வது எளிது: வாக்கியத்தைத் துண்டு துண்டாகச் சாய்கோடு போட்டு, வந்த வரிசையிலேயே வாங்கிக்கொள்வது. ‘ஒரு புத்தகம் / நான் வாங்கியது / நேற்று / கடையில்.’ சீனமாகக் கேட்டால் மோசமான சீனம்தான். பரவாயில்லை, திரும்பிப் போக வேண்டியதில்லை.

தெரிந்த சொல் என்று தாண்டிப் போவது

தெரியாத சொல்லில் யாரும் ஏமாறுவதில்லை; நின்று பார்ப்பார்கள். ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று மனப்பாடம் செய்தவன், ஒரு சிக்கலை ‘அட்ரஸ்’ செய்தார்கள் என்று வந்தால் அந்த வாக்கியத்தில் ஒரு வீட்டைக் கட்டிவிடுவான். ‘நாவல்’ என்றால் புதுமையான என்றும் பொருள், ‘ஷோல்டர்’ என்றால் பொறுப்பைச் சுமப்பதும்கூட. சொல் பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் மட்டும் கொடுத்து அச்சடிப்பதை முதலில் நிறுத்துங்கள்.

ஏழில் ஐந்தை நிரப்புப் பயிற்சியாக நினைப்பது

ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியத்தைப் பிடுங்கிவிட்டு, கீழே ஏழு கொடுப்பார்கள். இரண்டு வேண்டாதவை. பிள்ளைகள் ஏழையும் முதலில் படித்து, ஒவ்வொன்றையும் ஓட்டையில் பொருத்திப் பார்ப்பார்கள். ஒன்று தப்பினால் அது இன்னொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; ஐந்து மதிப்பெண் சேர்ந்தே போகும். காலியிடத்துக்கு முந்திய வாக்கியத்தையும் பிந்திய வாக்கியத்தையும் மட்டும் படித்துவிட்டு, அங்கே என்ன மாதிரி வாக்கியம் வர வேண்டும், எடுத்துக்காட்டா, மறுப்பா, தலைப்பா என்று ஓரத்தில் எழுதிய பிறகுதான் கீழே பார்க்கவேண்டும். ‘அவை’, ‘இது’ போன்ற சுட்டுச் சொற்கள் யாரைச் சுட்டுகின்றன என்று கேட்டாலே பாதி விழுந்துவிடும்.

எல்லாப் பயிற்சிக்கும் கடிகாரம் வைப்பது

ஜனவரி வரை வேண்டாம்.

“நிறையக் கதைப் புத்தகம் படி” என்று சொல்வது

சொல்கிறவருக்குச் சுலபம். வாரத்தில் ஞாயிறு அரை நாள் மட்டும் விடுமுறை உள்ள பிள்ளையிடம் சொல்கிறோம். அந்த அரை நாளில் துணி துவைக்க வேண்டும், தூங்க வேண்டும், வீட்டுக்குப் பேச வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், அதுவும் வகுப்பிலேயே பதினைந்து நிமிடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு.

அசல் தாள்களை முதலாண்டிலேயே தின்று தீர்ப்பது

முந்திய ஆண்டுகளின் உண்மையான காவ்காவ் தாள்களும், சந்தையில் கிடைக்கும் மாதிரித் தாள்களும் ஒன்றல்ல. அசல் தாளில் ஒவ்வொரு தப்பு விடைக்கும் ஒரு காரணம் இருக்கும். யாராவது விழவேண்டும் என்று யோசித்து எழுதியிருப்பார்கள். மாதிரித் தாளில் மூன்று தப்பு விடையில் இரண்டு வெறும் நிரப்பு. சில நேரம் விடைப் பட்டியலே தப்பாக இருக்கும், அதை நியாயப்படுத்த நானும் பலகை முன் நின்று பத்து நிமிடம் வியர்த்திருக்கிறேன். எங்கள் மாகாணத்தில் புதிய முறைத் தாள் 2021-இல்தான் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு தாள் என்று பார்த்தால், கையில் இருப்பவை கொஞ்சம்தான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்து வீணாக்கினால், இறுதியாண்டில் தன்னை அளந்து பார்க்க அவனுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

நான் அவற்றை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் புதியவர்களில் ஒருவர் வந்து சாவி கேட்டார். முதலாண்டு வகுப்புக்காம். ஜெராக்ஸ் இயந்திரம் வேறு சும்மாதான் இருந்தது. தரவில்லை.