‘இந்த வயசுல இதயத்துக்கு என்ன வரப்போகுது?’

மனச்சோர்வோடு வரும் இருபத்தைந்து வயதுக்காரரிடம் ‘கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள்?’ என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ரத்த அழுத்தம் கூடிப்போய் வருபவரிடம் ‘ராத்திரி தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது?’ என்று விசாரிப்பவர்களும் குறைவு. மனசை ஒரு மருத்துவரிடமும் இதயத்தை இன்னொருவரிடமும் ஒப்படைத்துவிட்டு, நடுவில் இருக்கும் ஆளை விட்டுவிடுகிறோம். முதல் தவறே அதுதான்.

மனச்சோர்வு நீடிக்கும்போது, ஏதோ ஆபத்து வந்துவிட்டதுபோல உடல் நாள் முழுக்க விறைத்தே இருக்கலாம். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் கூடுகிறது. ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் ஏறுகின்றன. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சுக்கு ஏற்பச் சற்றே கூடிக் குறைய வேண்டிய இதயத்துடிப்பு, அந்த நெகிழ்வை இழக்கிறது. எல்லோருக்கும் எல்லாமே நடக்கும் என்றில்லை. ஆனாலும் 2015இல் அமெரிக்க இதயச் சங்கம், பதின்வயதினரின் தீவிர மனச்சோர்வையும் இருதுருவக் கோளாறையும் (மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்), இளம்வயதிலேயே ரத்தக்குழாய் நோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய நிலைகளில் சேர்த்தது. ‘சின்ன வயசுதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

இதைப் படித்ததும் சிலர் அடுத்த தவறுக்குத் தாவிவிடுவார்கள்: பயமுறுத்துவது. ‘இப்படியே இருந்தால் மாரடைப்பு வரும்’ என்று மனம் உடைந்திருப்பவரிடம் சொல்வதால் என்ன லாபம்? 2023இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் 18 முதல் 49 வயது வரையுள்ள ஏறக்குறைய 5,93,000 பேரின் பதில்களை அலசியது. மனம் சோர்ந்திருப்பதாகச் சொன்னவர்களிடம் இதய நோயும், அதற்கு வழிவகுக்கும் காரணிகளும் அதிகம் காணப்பட்டன. ஆனால் எது முந்தி வந்தது என்பதை இப்படிப்பட்ட கருத்துக்கணிப்பால் சொல்ல முடியாது. இதய நோய் வந்ததால் மனம் சோர்ந்தவர்களும் அதில் இருப்பார்கள். அதோடு, இளம் வயதில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு பொதுவாகவே குறைவு. அது ஓரளவு கூடினாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. கவனிக்க வேண்டியது நாளைக்கு வரப்போகும் மாரடைப்பை அல்ல, இருபது ஆண்டுகளில் மெல்லச் சேரும் சேதத்தை.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு ஒன்று உண்டு. ‘எழுந்து ஓடு, சிகரெட்டை விடு, நேரத்துக்குத் தூங்கு, எல்லாம் சரியாகிவிடும்’ என்கிற அறிவுரை. சொல்வதில் பிழையில்லை. மனச்சோர்வில் புகை கூடுவதும், நடமாட்டம் நின்றுபோவதும், தூக்கம் கெடுவதும் இதயத்தைத் தாக்கும் முக்கியமான வழிகள்தான். ஆனால் எழுந்து ஓடும் தெம்பைத்தானே அந்த நோய் முதலில் பறிக்கிறது! கால் உடைந்தவரிடம் நடந்தால் கால் பலப்படும் என்று சொல்லுவோமா? வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்ற கணக்கு, குளிக்கவே மனம் வராதவருக்கு மலைபோலத் தெரியும். பத்து நிமிட நடை, அதுவும் கூட ஒருவர் வந்தால், நல்ல ஆரம்பம். அதைக்கூடச் செய்ய முடியாத நாளில் அவர் சோம்பேறியாகிவிடுவதில்லை.

நெஞ்சுவலி விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவருக்கு எது வந்தாலும் ‘டென்ஷன்’ என்று ஒதுக்குவது ஒரு பக்கம். இசிஜி சரியாக இருந்த பிறகும் மாதாமாதம் பரிசோதனை எடுத்துக்கொண்டே, மனநல மருத்துவரைத் தவிர்ப்பது மறுபக்கம். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு வாங்கினால், வயதைப் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அப்புறம் மாத்திரை. ‘மனநல மாத்திரை இதயத்தைக் கெடுக்கும்’ என்று கேள்விப்பட்டுத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை மாரடைப்பு வந்தவர்களுக்கே கொடுத்துப் பார்த்து, 2002இல் வெளியிட்ட ஆய்வில் அது இதயத்துக்குப் பாதுகாப்பானதாகத் தெரிந்தது. எல்லா மருந்தும் அப்படியல்ல: சிட்டலோப்ராம் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தின் அளவு கூடினால் இதயத்தின் மின்துடிப்பைப் பாதிக்கலாம், டிரைசைக்ளிக் எனப்படும் பழைய மனச்சோர்வு மருந்து வகையிலும் எச்சரிக்கை வேண்டும், சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அதனால் எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எழுதி இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள். களைப்புக்குத் தைராய்டோ ரத்தசோகையோ காரணமா என்பதையும் அதே ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கலாம். ஆனால் ‘வாழவே பிடிக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் இந்த இரண்டு வாரக் கணக்கையெல்லாம் பார்க்கக் கூடாது. அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.