உயர் நீதிமன்ற அலுவலகத்துக்கு மனு எழுதும் முன்: யார் எங்கே, பணம் எங்கிருந்து

கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஒரு வக்கீல் குமாஸ்தா வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்தார். கையில் மூன்று பக்க மனு. அவர் போகிற கோர்ட்டில் சாட்சி சொல்ல வரும் வயசானவர்கள் நிழலில்லாமல் நிற்கிறார்கள், ஒரு ஷெட் வேண்டும் என்பது சாரம். பெறுநர் முதலமைச்சர். நகல் தலைமை நீதிபதிக்கு, கலெக்டருக்கு, பொதுப்பணித் துறைக்கு. "இன்னாக்கா, நாலு பேருக்குப் போட்டா ஒருத்தராவது பார்ப்பாங்க இல்ல?" என்று கேட்டார்.

அப்படி நடக்காது என்பதை நான் கோர்ட் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் தபால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாலு இடத்துக்குப் போன மனு நாலு மேசையிலும் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற ஒரே வரியோடு நகரும். யாருடைய வேலை என்பது கடைசிவரை தெரியாது. 1991ல் இளநிலை உதவியாளராக நான் சேர்ந்தபோது இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். சிரஸ்தாராக, அதாவது கோர்ட் அலுவலகத்தின் தலைமை ஊழியராக, வெளியே வந்தபோது வேலூர் மூன்றாகப் பிரிந்திருந்தது. இத்தனை காலத்தில் நல்ல கோரிக்கைகள் தப்பான முகவரியால் செத்ததைத்தான் அதிகம் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிரிவினை. உயர் நீதிமன்றத்துக்கு நீதிப் பக்கம் ஒன்று, நிர்வாகப் பக்கம் ஒன்று. உங்கள் வழக்கு, மேல்முறையீடு, தடையாணை எல்லாம் நீதிப் பக்கம். அங்கே மனுத் தாக்கல் மூலமாகத்தான் பேச முடியும். கடிதத்தால் பேச முடியாது. நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி நீதிபதிக்குத் தனிக் கடிதம் எழுதவே கூடாது. கட்டிடம், ஊழியர், பணியிடம், நகல் தாமதம், குடிநீர் ஆகியவை நிர்வாகப் பக்கம். ஒரே மனுவில் இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். "என் வழக்கு எட்டு வருஷமாக இழுக்கிறது, மேலும் கோர்ட்டில் ஃபேன் ஓடவில்லை" என்று எழுதினால் ஃபேனும் ஓடாது.

நிர்வாகப் பக்கத்தின் தலைவர் தலைமை நீதிபதி. அவருக்குக் கீழே அலுவலகத்தை நடத்துபவர் தலைமைப் பதிவாளர். நாங்கள் ஆர்.ஜி. என்போம். அந்த நாற்காலிக்கு மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள நீதித்துறை அலுவலர் ஒருவர் வருவார். அவரோடு நீதிப் பிரிவு, நிர்வாகம், மேலாண்மை, கண்காணிப்பு, கணினி என்று தனித்தனிப் பதிவாளர்கள். அவர்களுக்குக் கீழே துணைப் பதிவாளர், உதவிப் பதிவாளர், பிரிவு அலுவலர் என்று படி இறங்கும். 2004 ஜூலை 24 முதல் மதுரைக் கிளை இயங்குகிறது. அது தென் மாவட்டங்களுக்கு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சென்னைதான். ஒரிஜினல் சைடு, மாஸ்டர், ஷெரிஃப், அஃபிஷியல் அசைனி என்று அங்கே சில பெயர்ப் பலகைகள் இருக்கும். அவை பெரும்பாலும் சென்னை நகரத்து சிவில் வழக்குகளையும் திவால் விவகாரங்களையும் சேர்ந்தவை. நம் ஊர் மேல்முறையீடு போவது அப்பலேட் சைடு என்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்கு.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாதது இன்னொன்று: ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் பொறுப்பு. போர்ட்ஃபோலியோ நீதிபதி என்பார்கள். மாவட்டக் கோர்ட்டுகளின் நிர்வாகக் குறைகள் அவர் பார்வைக்குப் போகும். அவர் ஆய்வுக்கு வருகிறார் என்று தெரிந்தால், உங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் மூலம் ஒரே பக்கத்தில் கோரிக்கை கொடுங்கள். ஆய்வு முடிந்து எழுதும் குறிப்பில் அது ஏறிவிட்டால், பிறகு மாவட்ட அலுவலகம் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஊழியர் விஷயத்திலும் இரண்டு ஏணிகள் உண்டு. உயர் நீதிமன்ற ஊழியரை அரசியலமைப்பின் 229வது பிரிவின்படி தலைமை நீதிபதி அல்லது அவர் சொல்லும் நீதிபதியோ அலுவலரோ நியமிக்கிறார். நான் ஏறியது இன்னொரு ஏணி, மாவட்டக் கோர்ட் அமைச்சுப் பணி, அதாவது அலுவலக எழுத்து வேலை. இதில் பெரும்பாலான பணிகளுக்கு மாவட்ட அளவில் முதன்மை மாவட்ட நீதிபதிதான் நியமன அதிகாரி. மேலே 235வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாடு. 2024ல் மாவட்டக் கோர்ட்டுகளுக்கு எக்ஸாமினர், ரீடர், பெய்லிஃப், அலுவலக உதவியாளர் என்று 2,329 இடங்களுக்கு உயர் நீதிமன்றமே அறிவிப்பு கொடுத்துத் தேர்வு நடத்தியது. ஆகவே, "எங்கள் கோர்ட்டில் டைப்பிஸ்ட் இல்லை" என்ற குறையைக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுப்பது வீண். ஒரே சாலையில்தான் இரண்டு அலுவலகமும் இருக்கின்றன என்பதற்காக ஒன்று மற்றொன்றுக்கு உத்தரவிட முடியாது. அரசு வழக்கறிஞர் நியமனமோ அரசின் பொதுத் துறையைச் சேர்ந்தது. அந்த நியமனத்தைப் பதிவாளர் அலுவலகம் செய்வதில்லை.

இனி பணம். இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

உயர் நீதிமன்றம் தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்வதில்லை. நீங்கள் கட்டும் கோர்ட் கட்டணம் கோர்ட்டின் பெட்டியில் தங்காது. மாநிலத்தின் தொகுநிதியில், அதாவது அரசின் வரவெல்லாம் சேரும் பெரிய பெட்டியில், சேர்ந்துவிடும். 2017ல் சொத்து மதிப்பின் பேரிலான கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒரு லட்ச ரூபாய் பணவசூல் வழக்குக்கு 7,500 கட்டிய இடத்தில் 3,000. "அப்படியானால் கோர்ட்டுக்கு வருமானம் குறைந்து சம்பளம் நின்றுவிடுமா?" என்று என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பயந்தே போனாள். நிற்காது. வரவு ஒரு வழி, செலவு வேறு வழி.

செலவு இரண்டு வகை. உயர் நீதிமன்றத்தின் நிர்வாகச் செலவு, ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் உட்பட, தொகுநிதியின் மேலேயே ஏற்றப்பட்டது. அலுவலக மொழியில் சார்ஜ்டு. நீதிபதிகளின் சம்பளமும் அப்படியே: தலைமை நீதிபதிக்கு மாதம் 2,50,000, மற்ற நீதிபதிகளுக்கு 2,25,000. அதை நிர்ணயிப்பது நாடாளுமன்றச் சட்டம், கொடுப்பது மாநிலம். அவர்கள் ஓய்வூதியம் மட்டும் இந்திய அரசின் தொகுநிதியில். சார்ஜ்டு செலவைப் பற்றிச் சட்டமன்றம் பேசலாம். ஓட்டுக்கு விட்டு வெட்ட முடியாது. அரசை எதிர்த்து வழக்கு விசாரிக்கும் இடம் அதே அரசின் ஓட்டுக்குக் காத்து நிற்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை எழுதி வைத்தவர்களை நினைத்து நான் பலமுறை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

அதற்காகத் தலைமை நீதிபதி நினைத்தபடி சம்பளத்தைக் கூட்டிவிட முடியாது. சம்பளம், படி, விடுப்பு, ஓய்வூதியம் பற்றிய விதிகளுக்கு ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். நடைமுறையில் அது உள்துறை, நிதித்துறைக் கோப்பு. புதுப் பணியிடமும் அந்த வழியில்தான் அரசாணையாகி வரும்.

மாவட்டக் கோர்ட், சப் கோர்ட், முன்சீஃப் கோர்ட், மாஜிஸ்ட்ரேட் கோர்ட் செலவு மற்ற வகை. அது ஓட்டட், அதாவது சட்டமன்றம் ஓட்டுப் போட்டுத் தரும் பணம். குமாஸ்தாவின் ஷெட் இந்த வகையில்தான் வரும். அதற்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நீங்களே பார்க்கலாம். மாநில பட்ஜெட்டில் மானியக் கோரிக்கை எண் 3, நீதி நிருவாகம் என்ற புத்தகத்தை எடுங்கள். 2014 என்ற கணக்குத் தலைப்புக்குள் (இது ஆண்டு அல்ல, தலைப்பின் எண்) 102 உயர் நீதிமன்றம், 105 உரிமையியல் மற்றும் அமர்வு நீதிமன்றங்கள். தொகைகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இருக்கும். மூன்று சைபர் சேர்த்துப் படியுங்கள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று பத்திகள். உண்மைச் செலவை எப்போதும் பாருங்கள். கேட்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும். கட்டிடத்தை 2014 தலைப்பில் தேடாதீர்கள். புதுக் கட்டுமானம் 4059 என்ற மூலதனத் தலைப்பில் வரும். வழக்காடிகள் கோர்ட்டில் கட்டி வைத்த டெபாசிட் பணமும் இதில் சேராது. அது அவர்களுடைய பணம், கருவூலத்தில் தனிக் கணக்கு.

மாவட்டத்திலிருந்து இந்தப் புத்தகத்துக்கு எண்கள் போகும் காலமும் முக்கியம். எங்கள் அலுவலகத்தில் கொலு வைக்கும் நாட்களில்தான் நம்பர் ஸ்டேட்மென்ட் வேலை நடக்கும். எத்தனை பேர், என்ன சம்பளம், எத்தனை காலியிடம் என்று ஒவ்வொரு கோர்ட்டிலிருந்தும் வாங்கித் தொகுப்போம். பிப்ரவரியில் புதுச் செலவு கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அடுத்த ஏப்ரலுக்கு வேண்டுமென்றால் ஆடி, ஆவணியிலேயே மனு மாவட்ட நீதிபதியின் மேசையில் இருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டின் கதையைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். ஜீவனாம்ச வழக்குக்கு வரும் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கைக்குழந்தையோடு இருப்பார்கள். பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். ஒருத்தி மயங்கி விழுந்த அன்று நான்தான் மனு டைப் செய்தேன். முதலில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினோம்; ஏழு மாதம் கழித்து "இவ்வலுவலகம் தொடர்புடையதல்ல" என்று திரும்பியது. அடுத்து கட்டிக் கொடுக்கும் பொறியாளரிடமே போனோம். நிர்வாக ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்றார். அவர் சொன்னது விதி. சரியான வழியைப் பிடிப்பதற்குள் இரண்டு வருஷம் போனது.

அந்த வழி இது. மனு முதன்மை மாவட்ட நீதிபதிக்கு. அவர் பொதுப்பணித் துறைச் செயற்பொறியாளரிடம் வரைபடமும் மதிப்பீடும் கேட்பார். அவை பரிந்துரையோடு தலைமைப் பதிவாளருக்குப் போகும். உயர் நீதிமன்றத்தில் கட்டிடக் குழு நீதிபதிகள் பார்ப்பார்கள். அங்கிருந்து உள்துறைக்கு, நிதித்துறை ஒத்துக்கொண்டால் அரசாணை, நிர்வாக ஒப்புதல். பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், வேலை. கோப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே போய்க் கேட்பது என்று தெரியும். கீழமை நீதிமன்றக் கட்டிடங்களுக்கு 1993-94 முதல் மத்திய அரசின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. 2021ல் அதை நீட்டித்தபோது வழக்கறிஞர் கூடம், கழிப்பறை வளாகம், கணினி அறை மூன்றையும் சேர்த்தார்கள். மனுவில் இந்த ஒரு வரியை எழுதுங்கள். பணம் வரக்கூடிய இடத்தையும் காட்டும் மனு மேசையில் தனியாகத் தெரியும்.

பொருள் வரியை நான் குமாஸ்தாவுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"பொருள்: நீதித்துறை – கட்டிடம் – நீதிமன்ற வளாகம் – சாட்சிகள் மற்றும் வழக்காடிகள் காத்திருக்கும் நிழற்கூடம் – மதிப்பீடு பெற்று உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கக் கோருதல் – தொடர்பாக."

அதன் கீழே ஒரே பக்கம். ஒரு திங்கட்கிழமை எத்தனை பேர் வெயிலில் நின்றார்கள் என்று எண்ணி எழுதச் சொன்னேன். காலி இடத்தின் நீள அகலத்தை டேப் வைத்து அளக்கச் சொன்னேன். மூன்று பக்கத்திலிருந்த "பரிதாப நிலை"களை எல்லாம் எடுத்துவிட்டோம். முதலமைச்சர் பெயரும் போனது. நகல் தலைமைப் பதிவாளருக்கு மட்டும்.

நீதித்துறை அலுவலர் மேலேயே புகார் என்றால் இந்த வழி வேண்டாம். அது உயர் நீதிமன்றக் கண்காணிப்புப் பிரிவுக்கு. சத்தியப் பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இணைக்க வேண்டும். பெயரில்லாத கடிதத்தால் யாருக்கும் நியாயம் கிடைக்காது. நேர்மையான நீதிபதிக்கு மனக்காயம்தான். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதும் புகார் ஆகாது, அதற்கு மேல்முறையீடு இருக்கிறது. தகவல் உரிமையில் நிர்வாகத் தகவல் கேட்கலாம். வழக்குக் கட்டின் நகலுக்கு மட்டும் கோர்ட் விதிப்படி நகல் மனு போடுங்கள். உச்ச நீதிமன்றம் 2020ல் அப்படித்தான் சொன்னது.

மனுவை நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரையைத் தேதியோடு வாங்குங்கள். சென்னைக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டுமென்றால் காட்பாடியில் காலை ரயில் ஏறுவதற்கு முன்பே மாவட்ட அலுவலகம் அனுப்பிய கடித எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றம் கோப்புக்கு ஆர்.ஓ.சி. எண் கொடுக்கும், நம் அலுவலகத்து ந.க. எண் மாதிரி. அந்த எண் இல்லாமல் "போன வருஷம் அனுப்பினோமே" என்று கேட்டால் பிரிவில் இருக்கும் ஊழியரால் எதையும் எடுக்க முடியாது. கிடைத்த அன்றே அதை மனு நகலின் மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதுங்கள். நினைவூட்டல் எழுதும்போது அந்த எண்ணைப் "பார்வை" என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாகப் போடுங்கள்.

குமாஸ்தா ஆடி பிறந்த முதல் வாரமே மனுவைக் கொடுத்துவிட்டு, முத்திரை போட்ட நகலைக் காட்ட வந்தார். திங்கட்கிழமை எண்ணியதில் அறுபத்திரண்டு பேர்; அதில் பதினான்கு பேர் கைத்தடியோடு வந்தவர்கள் என்று அவராகவே சேர்த்திருந்தார்.