லேசர் கட்டருக்குப் பெரிய டியூப் வாங்கக் கிளம்புவதற்கு முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துப் பழைய ஆயாக்கொட்டகையைத்தான் (பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்கிற இடம்) இப்போது பொதுப் பட்டறையாக வைத்திருக்கிறோம். அங்கே லேசர் கதிரால் பலகை வெட்டுகிற கே40 வகை கட்டர் ஒன்று இருக்கிறது, கதிரை உண்டாக்கும் டியூப் 40 வாட். தைப்பூசம் நெருங்கினால் காவடிப் பலகை வெட்ட வரிசை நிற்கும், கூடவே "60 வாட்டுக்கு மாத்திடலாம் அண்ணே" என்ற பேச்சும் கிளம்பும். நானும் அந்த ஆசையில் விலை விசாரித்தவன்தான். காசு கட்டும் முன் அளந்து பார்த்ததில் தப்பித்தேன்: 60 வாட் டியூப் பெட்டியைவிட நீளம், பவர் சப்ளையும் மாற்றியாக வேண்டும்.

முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகத்தை மெஷின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். யார், என்ன பலகை, எத்தனை மில்லிமீட்டர், டியூபுக்கு எத்தனை மில்லிஆம்ப் மின்சாரம், எங்கே சொதப்பியது, எல்லாம் அதில் எழுதட்டும். இரண்டு வாரம் போதும். எங்கள் நோட்டில் 3 மி.மீ. பிளைவுட் வெட்டாமல் நின்ற நாளெல்லாம் லென்ஸ் அழுக்கான நாள், இல்லை கண்ணாடி விலகிய நாள். வாட் போதாமல் நின்றது ஒரு தடவைகூட இல்லை.

ஆகவே அடுத்தது, லேசர் கதிரைத் திருப்பி லென்ஸுக்கு அனுப்பும் கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூடியைச் சாத்தி, ஒரு நொடிக்கும் குறைவாகச் சுட்டுப் பாருங்கள். லென்ஸ் இருக்கிற தலை, பக்கத்து மூலையில் நின்றாலும் தூரத்து மூலையில் நின்றாலும் சூடு ஒரே புள்ளியில் விழ வேண்டும். லென்ஸின் குவிந்த பக்கம் மேலே. இதற்குச் செலவு டேப் மட்டும்தான்.

புகைக்கு, ஃபேனைக் குழாயின் வெளிக்கோடியில், சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கள். மெஷின் பக்கம் மாட்டினால் குழாயில் இருக்கிற ஓட்டையெல்லாம் அறைக்குள் புகை கக்கும். வெட்டுகிற இடத்தில் காற்று ஊத ஒரு சின்ன பம்பு வேண்டும். மூடியைத் திறந்ததும் லேசர் நிற்கிற சுவிட்ச் கட்டாயம், பத்துப் பேர் தொடுகிற மெஷின் இது. பிவிசி வேண்டவே வேண்டாம், அதன் புகை நெஞ்சையும் கெடுக்கும், தலை ஓடுகிற கம்பிகளையும் துரு ஏற்றும்.

சரி, நான் தப்புப் பண்ணியது டியூபைக் குளிர்விக்க ஓடும் தண்ணீர் விஷயத்தில். டியூப் குளிர்ந்திருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று, கம்ப்ரஸர் வைத்த சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் பெட்டி) வாங்கி 18 டிகிரியில் வைத்தேன். மறுநாள் காலை மழை பெய்து ஓய்ந்த நேரம், உள்ளே 'சட் சட்' என்று சத்தம். மூடியைத் திறந்தால் டியூப் முழுக்க முத்து முத்தாக நீர், சிவப்பு வயர் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. தே ஓ ஐஸ் (ஐஸ் போட்ட கடுந்தேநீர்) கிளாஸ் வெளியே வேர்க்குமே, அதே கதைதான். அந்த வயரில் 10,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் நீர் பூக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய கணக்கு நம்மூருக்கு ஆகாது. நான் இப்போது 27-இல் வைத்திருக்கிறேன், பவர் கொஞ்சம் குறைந்தாலும் டியூப் பிழைக்கிறது. சில்லர் வாங்கும்போது 3000 என்று முடிகிற மாடல் வேண்டாம், அது வெறும் ரேடியேட்டரும் ஃபேனும்தான், மத்தியான வெக்கையில் அறைச் சூட்டுக்குக் கீழே தண்ணீரை இறக்காது. 5000 என்பதில்தான் கம்ப்ரஸர் இருக்கிறது. ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

மெஷினை இயக்குகிற கன்ட்ரோலர் போர்டு கடைசி. லைட்பர்ன், கம்ப்யூட்டரிலிருந்து மெஷினுக்குப் படம் அனுப்பும் அருமையான சாஃப்ட்வேர், ஆனால் மெஷினோடு வரும் போர்டோடு நேரடியாகப் பேசாது. புதிதாகக் கற்பவர்களுக்கு கே40 விஸ்பரர் என்ற இலவச சாஃப்ட்வேர் தாராளம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு தம்பி, "அறைக்கு ஏர்கோன் (ஏசி) போட்டால் தண்ணீரை 18-இல் வைக்கலாமே" என்று கேட்டார். நாங்களும் போட்டுப் பார்த்தோம். புகை ஃபேன் குளிர்ந்த காற்றை வெளியே இழுக்க, கதவிடுக்கு வழியாகச் செம்பனைக் காட்டு ஈரமெல்லாம் உள்ளே வந்தது. இன்னொன்று, நான் எழுத மறந்தது: பழைய தோட்டக் கட்டடங்களில் மூன்று முள் பிளக் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. வயர்மேனைக் கூப்பிட்டு அதைச் சரி பார்க்காமல் மேலே சொன்ன எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.